ஒரே குழந்தை என்று எழுதிக் கொடுத்தேன்

அன்புள்ள வசந்தா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்து சேர்ந்தது. இங்கே நானும் உன் தம்பியும் நன்றாக இருக்கிறோம். அவன் வைக்கிற குழம்பைச் சாப்பிட்ட பிறகும் நான் நன்றாக இருக்கிறேன் என்றால் என் உடம்பைப் பற்றி நீ கவலைப்பட வேண்டியதில்லை.

கல்யாணமாகி மூன்று மாதம் மாப்பிள்ளையின் சிநேகிதர் வீட்டில் ஒண்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சென்னைத் தெருக்களில் அலைந்து, கடைசியில் புரசைவாக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷன் கிடைத்துவிட்டது என்று எழுதியிருக்கிறாய். ஒரு அறை, ஒரு சமையலறை, துணி காயப்போட மொட்டை மாடி. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார்கள். அடி பம்பில் காலையில் மட்டும் தண்ணீர் வருகிறது, ஆளுக்கு இத்தனை குடம் என்று கணக்கு. படிக்கப் படிக்க எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கடிதத்தின் கடைசியில், இடமில்லாமல் ஓரத்தில் நெருக்கி நான்கு வரி எழுதியிருந்தாய். "ஊரிலிருந்து யாராவது வந்து தங்குவார்களா, தண்ணீர் கட்டுப்படியாகாது என்று வீட்டுக்கார அம்மா கேட்டார்கள். எனக்கு அப்பா அம்மா இல்லை, என் பக்கம் வருகிறவர்கள் யாரும் கிடையாது என்று சொல்லிவிட்டேன். இல்லாவிட்டால் வீடு கிடைத்திருக்காது. தப்பாக நினைக்க வேண்டாம்."

பத்திரம் எழுதுகிறவனுக்கு ஒன்று தெரியும். முக்கியமான விஷயம் எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். அந்த நான்கு வரியை மூன்று தடவை படித்தேன். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கோபம் வரவில்லை வசந்தா. கோபப்பட எனக்குப் பாத்தியதை இல்லை. வாடகை வீட்டுக்காக ஒரு ஆளை இல்லை என்று சொல்கிற வித்தையை இந்தக் குடும்பத்தில் முதலில் செய்தவன் நான். அதில் இல்லாமல் போனவள் நீ. உனக்கு அது எவ்வளவு ஞாபகம் இருக்கிறது, எவ்வளவு மற்றவர்கள் சொல்லித் தெரியும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கப் பயம். இன்று முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

உனக்கு அப்போது மூன்றரை வயது. உன் தம்பி பிறந்து நான்கு மாதம். நாம் திருமுக்கூடலுக்கு அந்தப் பக்கம், ஆற்றைத் தாண்டி, நம் நிலத்துக்குப் பக்கத்திலேயே இருந்தோம். எனக்கு வேலை காஞ்சிபுரத்தில், பத்திரப் பதிவு ஆபீஸ் வராந்தாவில். ஒரு பாய், ஒரு சாய்வுப் பெட்டி, ஒரு மைக்கூடு, அவ்வளவுதான் என் சாம்ராஜ்யம். தினமும் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு பாலாற்று மணலைக் கடந்து, அக்கரையில் ஏறி மிதிக்க வேண்டும். ஆற்றில் தண்ணீர் வந்தால் அத்தனை நாளும் வேலை இல்லை. அந்த வருடம் ஐப்பசியில் ஒன்பது நாள் ஆறு ஓடியது. பத்தாம் நாள் ஆபீசுக்குப் போனால் என் பெட்டி இருக்கும் இடத்தில் வேறொருவர் பெட்டி உட்கார்ந்திருந்தது. சண்டை போட்டு இடத்தைத் திரும்ப வாங்கினேன். அன்றைக்கே முடிவு செய்தேன், டவுனுக்குள் ஒரு வீடு பார்த்துவிட வேண்டும் என்று.

வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள், வாடகைக்கு வீடு தேடிப்பார் என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருக்க வேண்டும். பதினாறு வீடு பார்த்தேன். எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றி வளைத்து ஜாதியைக் கேட்பார்கள். அதில் தேறினால், கருவாடு வறுப்பீர்களா என்று கேட்பார்கள். கோயில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் என் ஜாதகத்தையே கேட்டார். எனக்குப் பெண் கொடுத்தவர்கள்கூட அத்தனை பார்க்கவில்லை. ஒரு வீட்டில் கிணறு இல்லை, ஒரு வீட்டில் கிணறு மட்டும்தான் இருந்தது, கூரை இல்லை. மார்கழி பிறந்தபோது நான் சலித்துப்போயிருந்தேன். சலித்துப்போனவன் வீடு தேடக் கூடாது. இதை நீ எழுதி வைத்துக்கொள்.

அப்போதுதான் பிள்ளையார்பாளையத்தில் ஏகாம்பரம் என்பவர் வீட்டில் பின்கட்டு காலியாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவர் பட்டு நெசவுக்காரர். முன் கூடத்தில் இரண்டு தறி. பின்னால் இரண்டு அறை, சமையல்கட்டு, கிணறு. ஆபீசுக்கு நடந்தே போகலாம். சுவரில் ஒரு ஓதம் இல்லை. பார்த்ததும் எனக்குப் பிடித்துப்போயிற்று. தறிக் குழியிலிருந்து காலை எடுத்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஏகாம்பரம் நிதானமாகக் கேட்டார்.

"வூட்டுல எத்தினி பேருப்பா?"

"நானும் சம்சாரமுங்க."

"கொயந்தைங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொன்னார். "இன்னாத்துக்குக் கேக்கறேன்னா, காலைல தெருவுல பாவு நீட்டுவோம், தறில ஏத்தற பட்டு நூலு தெரு நீளத்துக்கு நிக்கும். போன குடித்தனக்காரரு பையன், நாலு வயசு, நாய் தொரத்துதுன்னு பாவுக்குள்ள பூந்து ஓடிட்டான். மூணு கல்யாணப் பொடவைக்கான பாவு. அறுந்த இழையெல்லாம் முடிஞ்சு எடுக்க பத்து நாளு ஆச்சு. அவன் மேல கோவம் இல்லப்பா, கொயந்தைக்கு இன்னா தெரியும்? ஆனா நடக்கற கொயந்தை இருக்கிறவங்களுக்கு வூடு வுடறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம்."

நீ நடக்கிற குழந்தை இல்லை வசந்தா, ஓடுகிற குழந்தை. கோழியைத் துரத்திக்கொண்டு ஆற்று மணல்வரை போய்விடுவாய். அது என் கண்முன் வந்தது. வந்ததும் சொன்னேன்.

"ஒண்ணே ஒண்ணுதாங்க. கைக்கொயந்தை. இன்னும் குப்புறக்கூட வுழல."

அவர் சிரித்தார். "நீயே எழுத்துக்காரன். ஒப்பந்தத்த நீயே எழுதிக்கினு வந்துடு" என்றார். அன்று மாலையே எழுதினேன். எத்தனை குழந்தை என்று அதில் எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. ஆனால் பத்திரத்தில் ஓட்டை வைக்கக் கூடாது என்பது என் தொழில் புத்தி. "நானும் என் மனைவியும் எங்கள் ஒரே ஆண் குழந்தையும் குடியிருந்து வர" என்று குண்டு குண்டாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாயால் சொன்ன பொய்யை மறுநாள் சிரித்து மழுப்பியிருக்கலாம். அதை எழுத்தில் ஏற்றிப் பூட்டுப் போட்டது நான்தான்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். நீ அப்போது முற்றத்தில் உட்கார்ந்து அம்மியில் செங்கல் தூள் அரைத்துக்கொண்டிருந்தாய். உன் அம்மா உன்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"அப்ப இவ யாரு?" என்றாள்.

"ஒரு மாசம். உங்க அக்கா கிட்ட இருக்கட்டும். நாம நல்லா பழகிட்டா அவங்களே கூட்டியாங்கன்னு சொல்லுவாங்க."

"சொல்றதுக்கு இப்படி ஒருத்தி இருக்கான்னு அவங்களுக்குத் தெரியணுமே" என்றாள் உன் அம்மா. பதில் இல்லாதபோது நான் கத்துவேன் என்பது உனக்குத் தெரியும். கத்தினேன். அவள் அடங்கிப்போனாள். அவள் அடங்கிப்போனதை அவள் சம்மதித்ததாக நான் எடுத்துக்கொண்டேன்.

முசரவாக்கத்தில் உன் பெரியம்மாவுக்குப் பிள்ளை இல்லை. உன்னைக் கொண்டுபோய் விட்டபோது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து, இதுவும் ஒரு புண்ணியம்தான் என்று மனதுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். நீ அழவில்லை. அங்கே கன்றுக்குட்டி இருந்தது. தை பிறந்து நல்ல நாளில் பிள்ளையார்பாளையத்தில் பால் காய்ச்சினோம். ஏகாம்பரத்தின் சம்சாரம் வந்திருந்தார்கள். பால் பொங்கியது. உன் அம்மா டம்ளர்களில் ஊற்றும்போது கை பழக்கத்தில் உன்னுடைய சின்ன டம்ளரிலும் ஊற்றிவிட்டாள். ஊற்றிய பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். நான் வாங்கிக் குடித்துவிட்டேன். நாக்கு பொத்துப்போயிற்று.

ஒரு மாதம் மூன்று மாதமாயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் சைக்கிளில் முசரவாக்கம் வந்து உன்னைப் பார்ப்பேன். வாசலில் என் மணிச் சத்தம் கேட்டதும் "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடிவருவாய். அந்தச் சத்தத்தை இன்றைக்கும் நான் நினைத்தால் கேட்க முடியும். ஏனென்றால் பங்குனி உத்திரத்தோடு அது நின்றுபோயிற்று.

அந்த உத்திரத்துக்கு உன் பெரியம்மா உன்னைத் திருவிழா பார்க்க அழைத்துவந்தாள். நான் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தேன். நீ புதுப் பாவாடை கட்டியிருந்தாய், என் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டாய். பொரி உருண்டை வாங்கிக் கொடுத்து, நடந்துகொண்டே சொன்னேன்.

"கண்ணு, நாம போற வூட்டுல அப்பான்னு கூப்பிடக் கூடாது. சித்தப்பான்னு கூப்பிடணும். அம்மாவ சித்தின்னு. பெரியம்மாவத்தான் அம்மான்னு கூப்பிடணும். இன்னா?"

எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்று கேட்கிற பெண், அன்றைக்கு ஏன் என்று கேட்கவில்லை. பொரி உருண்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தாய்.

"தம்பிய?" என்று கேட்டாய்.

"தம்பி தம்பிதான்" என்றேன்.

அதைக் கேட்டு உன் முகம் தெளிந்தது. எல்லாம் மாறினாலும் ஒன்று மாறவில்லை என்று உனக்குத் தைரியம் வந்ததோ என்னவோ. உன் பெரியம்மா கூடவே நடந்து வந்தாள். இதெல்லாம் என்ன கூத்து என்று அவள் கேட்பாள் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. அவளை அதுவரை யாரும் அம்மா என்று கூப்பிட்டதில்லை. அவளைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஏகாம்பரத்தின் சம்சாரம் உன் கன்னத்தைப் பிடித்து, "யாருடி கண்ணு நீ?" என்று கேட்டார்கள். நீ கொஞ்சமும் தடுமாறாமல் சொன்னாய். "எங்க சித்தி வூட்டுக்கு வந்துக்கிறேன்." உள்ளே தூளி ஆட்டிக்கொண்டிருந்த உன் அம்மாவின் கை நின்றுவிட்டது. நீ நேராகத் தூளிக்குப் போய்த் தம்பியைப் பார்த்தாய். "தம்பி" என்று மட்டும் உரக்கக் கூப்பிட்டாய். பிறகு முன் கூடத்துக்கு வந்து தறிக்குப் பக்கத்தில் நின்றாய். எதையும் தொடக் கூடாது என்று நான் சொல்லியிருந்தேன். கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, அரக்குச் சிவப்புப் பாவு நூலைப் பார்த்தபடி, மூச்சு விடுகிறாயா என்றே தெரியாமல் நின்றாய்.

ஏகாம்பரம் நெய்வதை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இந்தக் கொயந்தையப் பாரேன், கையப் பின்னால கட்டிக்கினு நிக்குது. இந்த மாதிரி கொயந்தைய பாவு நடுவுலயே வுட்டுடலாம்பா. இது இங்கயே இருக்கட்டுமே. இன்னா சொல்ற?"

வசந்தா, நான் செய்த தவறு முதல் நாள் சொன்ன பொய் இல்லை. அது சலித்துப்போனவன் சொன்ன பொய், மன்னிக்க மனம் இருப்பவர்கள் மன்னிக்கலாம். என் தவறு இங்கே நடந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த மனுஷர் உள்ளே வா என்று கூப்பிட்டார். ஆமாங்க, இவ என் பொண்ணுதாங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் என் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் அவர் பெட்டியில் இருந்தது. அந்தத் தெருக்காரர்கள் அவர் சொல்லித்தான் என்னிடம் பத்திரம் எழுத வர ஆரம்பித்திருந்தார்கள். எழுத்துக்காரன் எழுதியதே பொய் என்றால் நாளைக்கு என்னை யார் நம்புவார்கள் என்று நினைத்தேன். உன் அம்மா வாசற்படியில் வந்து நின்று என் வாயையே பார்த்தாள்.

"அவங்க அம்மா வுட மாட்டாங்க" என்றேன்.

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். பொய் சொல்கிறேன் என்று உனக்குத் தெரிந்தது. அந்தப் பொய்யில் உனக்கும் ஒரு வேலை இருக்கிறது, அதைச் சரியாகச் செய்ய வேண்டும் என்ற பொறுப்பு உன் முகத்தில் இருந்தது. மூன்றரை வயதில் ஒரு குழந்தைக்கு வரக் கூடாத முகம் அது. சாப்பிடும்போது ஒரு பருக்கை கீழே சிந்தவில்லை நீ. உன் அம்மா பரிமாறிவிட்டுக் கிணற்றடிக்குப் போய்விட்டாள். சாயங்காலம் பஸ் ஏற்றிவிட வந்தேன். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. "போய்ட்டு வரேன் சித்தப்பா" என்றாய். இங்கே வேண்டாம் கண்ணு, இங்கே அப்பா என்று கூப்பிடலாம் என்று சொல்ல நினைத்தேன். பஸ் புறப்பட்டுவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முசரவாக்கத்துக்கு வந்தேன். மணி அடித்தேன். நீ வாசலுக்கு வந்து, உள்ளே திரும்பி, "சித்தப்பா வந்துக்கிறாரு" என்று சொன்னாய்.

அப்புறம் நான்கு வருடம். ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். நாள் ஆக ஆகப் பொய்க்கு வயதாகி அதற்கும் ஒரு மரியாதை வந்துவிடுகிறது, அதைக் கலைக்கப் பயமாக இருக்கிறது. நீ அங்கேயே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாய். உன் தம்பி பிள்ளையார்பாளையத்தில் நடக்க ஆரம்பித்தான், ஓடினான், ஒருநாள் பாவு மேலேயே விழுந்து எழுந்தான். ஏகாம்பரம் அவனைத் தூக்கித் தூசியைத் தட்டிவிட்டாரே தவிர வீட்டைக் காலி செய் என்று சொல்லவில்லை. அன்று இரண்டாவது தடவையாகக் கதவு திறந்தது. அன்றும் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

கடைசியில் வேறு தெருவில் இப்போது இருக்கிற வீடு கிடைத்தது. காலி செய்யும் நாள் அவர் முன்னால் நின்று, "ஒரு விஷயம் சொல்லணுங்க" என்று ஆரம்பித்தேன். அவர் எழுந்துபோய்ப் பெட்டியைத் திறந்து அந்த ஒப்பந்தத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். பேசியது அவர் சம்சாரம்.

"தெரியும்பா. பால் காய்ச்சன அன்னிக்கே ஒரு சின்ன டம்ளர் கூட இருந்துச்சு. அப்புறம் அந்தக் கொயந்தை வந்தப்போ பாத்தா, மூக்கு அப்படியே உன் மூக்கு. அதுக்குத்தான் அன்னிக்கு அவரு, இங்கயே இருக்கட்டும்னு சொன்னாரு. நாங்களா கேட்டா உனக்கு அவமானமா பூடுமேன்னு வாய மூடிக்கினு இருந்துட்டோம். நீயா கூட்டியாந்துடுவேன்னு நாலு வருசமா பாத்துக்கினே இருந்தோம்பா."

நான் அவமானப்படக் கூடாது என்று அவர்கள் பேசவில்லை. நான் அவமானத்துக்குப் பயந்து பேசவில்லை. நடுவில் நான்கு வருடம் நீ முசரவாக்கத்தில் இருந்தாய். இதை நினைத்து நான் அழாத வருடம் இல்லை. ஆம்பிளை அழுதான் என்று எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

உன்னை இந்த வீட்டுக்கு அழைத்துவந்த அன்று உனக்கு ஏழரை வயது. துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். உன் எதிரில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். "இனிமே அப்பான்னே கூப்பிடலாம் கண்ணு. இது நம்ம வூடு."

"சரி சித்தப்பா" என்றாய்.

குத்திக்காட்ட நீ சொல்லவில்லை. சொன்ன பிறகு நீயே நாக்கைக் கடித்துக்கொண்டாய். அன்றிலிருந்து நீ என்னை எதுவும் கூப்பிட்டதில்லை. "சாப்பாடு ஆயிடுச்சு" என்பாய். "போஸ்ட்மேன் வந்திருக்காரு" என்பாய். யாரிடம் சொல்கிறாய் என்பது அந்த வாக்கியத்தில் இருக்காது. கடிதத்திலும் அப்படித்தான், "நலம், நலமறிய ஆவல்" என்று ஆரம்பித்துவிடுகிறாய். உன் அம்மாவுக்கு டைபாய்டு வந்து இருபது நாள் கிடந்தபோது, அவளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே ஒருநாள் "அம்மா, வாயத் தொற" என்றாய். அவள் அதற்கப்புறம் பிழைத்து எழுந்ததற்கு டாக்டர் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அவள் போனபோது நீ "அம்மா, அம்மா" என்று விழுந்து அழுதாய். அவளைப் பறிகொடுத்த துக்கம் எனக்கும் இருந்தது. அதோடு ஒரு பொறாமையும் இருந்தது. செத்துப்போன பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன் இந்த ஊரில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். உன் கல்யாணப் பத்திரிகையை நானே எழுதினேன். யாருடைய மகள் என்பதை இந்தத் தடவை சரியாக எழுதினேன். தாலி கட்டி முடிந்து நீ பெரியம்மா தோளில் சாய்ந்து அழுதபோது, தாம்பூலத் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அது நியாயம்தான் என்று தோன்றியது.

சரி, உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். பெண் புதுக்குடித்தனம் போனால் அப்பன் நாலு புத்தி சொல்ல வேண்டும். மழைக்காலம் வருமுன் மாடித் தளத்தில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி, அறைக்குள் ஒழுகுகிறதா என்று பார்த்துவிடு. வாடகை கொடுத்தால் ரசீது கேள், கேட்க வெட்கப்படாதே. வீட்டுக்கார அம்மாவுக்குக் கோபம் வருகிறபோது நீ மேலே போய்விடு, மாப்பிள்ளையைப் பேச விடு. இதெல்லாம் யாரும் சொல்வார்கள். நான் மட்டும் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. நீ முழுகாமல் இருக்கிறாய் என்று மாப்பிள்ளை தனியாக ஒரு கார்டு போட்டிருந்தார். நீ எழுதவில்லை, பரவாயில்லை. அந்த அம்மாவிடம் இதை இன்னும் சொல்லவில்லை என்றும், சொன்னால் வீடு நிலைக்குமோ என்று நீ யோசிக்கிறாய் என்றும் அவர் எழுதியிருந்தார்.

இன்றைக்கே கீழே இறங்கிப் போய்ச் சொல்லிவிடு வசந்தா. குழந்தை வரப்போகிறது, அதற்கும் ஒரு குடம் தண்ணீர் வேண்டும் என்று சொல். முடியாது என்றால் அந்த வீடு போகட்டும். சென்னையில் வேறு வீடு கிடைக்கும், இன்னும் பதினாறு வீடு ஏறி இறங்கியாவது நான் வந்து தேடித் தருகிறேன். அப்பா அம்மா இல்லை என்று சொன்னாயே, அது இருந்துவிட்டுப் போகட்டும். நான் வாழ்ந்து முடித்தவன், ஒரு பொய்யில் இல்லாமல் போவதால் எனக்கு எதுவும் குறைந்துவிடாது. பிறக்கப்போகிற பிள்ளையை மட்டும் எண்ணிக்கையில் விட்டுவிடாதே. ஒரு நாள் விட்டால் போதும், அப்புறம் அதைத் திரும்பச் சேர்க்க வழியே தெரியாது. அந்த ஒப்பந்தத்தை இத்தனை வருடம் என் எழுத்துப் பெட்டியின் அடியில் வைத்திருந்தேன். இத்துடன் வைத்திருக்கிறேன். படித்துப் பார், பிறகு ஸ்டவ் பற்றவைக்க உபயோகித்துக்கொள்.

வளைகாப்புக்கு உன் அம்மா இருந்தால் அவள் வந்திருப்பாள். அவள் இல்லாததால் வளையலும் ஐந்து வகைச் சாதமும் கொண்டுவருவது என் கடமை. பெரியம்மாவையும் அழைத்துக்கொண்டு காலை பஸ்ஸில் வருவோம், சாயங்கால பஸ்ஸில் திரும்பிவிடுவோம். தங்க மாட்டோம். கூஜாவில் இங்கிருந்தே தண்ணீர் கொண்டுவந்துவிடுகிறேன், அந்த அம்மாவின் பம்பில் ஒரு சொட்டுக்கூட எங்களால் குறையாது. யார் வந்திருப்பது என்று அவர்கள் கேட்டால் திணறாதே. ஊரிலிருந்து சித்தப்பா வந்திருக்கிறார் என்று சொல். உனக்கு அது நன்றாக வரும். எனக்கும் பழக்கம்தான், மாடிப்படி ஏறும்போது முகத்தை அதற்கேற்றபடி வைத்துக்கொள்வேன்.

குழந்தை பிறந்து பேச்சு வந்த பிறகு, என்னைக் காட்டி இவரை எப்படிக் கூப்பிடுவது என்று அது உன்னைக் கேட்கும். அப்போது நீ யோசிக்க வேண்டியதில்லை. அப்பாவானாலும் சித்தப்பாவானாலும், தாத்தா தாத்தாதான்.

இப்படிக்கு,
உன் அப்பா